"60 யூனிட்டா, டாக்டர்?"

மேனிகின் என்னும் பொம்மை நோயாளியை வைத்து நாங்கள் நடத்திய பயிற்சி அது. அந்த முதலாண்டு பி.ஜி., அதாவது மேற்படிப்பு மருத்துவர், எல்லாவற்றையும் சரியாகத்தான் தொடங்கினார். சலைன் ஏற்றினார், கால்சியம் குளுக்கோனேட் கொடுத்தார், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலினும் ஓடிக்கொண்டிருந்தது. மேனிகினின் பிரஷர் 70/40-ஐத் தாண்டவில்லை. நோயாளி அளவு மீறி விழுங்கியது அம்லோடிபின் என்னும் ரத்த அழுத்த மாத்திரை, அடுத்தது இன்சுலின் என்பது அவருக்குத் தெரியும். எடை 60 கிலோ, கிலோவுக்கு ஒரு யூனிட். "சிஸ்டர், ரெகுலர் இன்சுலின் 60 யூனிட் ஐ.வி., கூடவே டெக்ஸ்ட்ரோஸ்" என்று, சர்க்கரைக் கரைசலையும் சேர்த்தே, தெளிவாகச் சொன்னார்.

"60 யூனிட்டா, டாக்டர்?" என்றார் சிஸ்டர். அப்படிக் கேட்கச் சொன்னது நாங்கள்தான். ஆனால், சிவப்பு மூடி சிரிஞ்சைத் தூக்கிக் காட்டி, "இதில் 40 யூனிட்தான் கொள்ளும். ஒன்றரை சிரிஞ்ச் ஆகிறதே, சர்க்கரை இறங்கிவிடாதா?" என்று அவர் தொடர்ந்தது நாங்கள் எழுதிக்கொடுத்ததில் இல்லை. வார்டில் பல வருடம் நின்றவருக்குத் தானாக வரும் கேள்வி அது. பி.ஜி. ஒரு கணம் சிரிஞ்சையே பார்த்தார். "சரி, 10 போடுங்கள். பார்ப்போம்" என்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணினி முன் இருந்த நான் பிரஷரைப் படிப்படியாக இறக்கினேன். இதயம் நின்றது. அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே பயிற்சியை முடித்தேன்.

பிறகு உட்கார்ந்து பேசியபோது அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சார், சிஸ்டர் கேட்டது சரிதானே? இன்சுலின் டோஸில் நர்ஸ் சந்தேகப்பட்டால் நிறுத்திவிட்டு யோசி என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

சொல்லிக்கொடுத்தோம். ஆங்கிலத்தில் 6-க்குப் பக்கத்தில் 'யு' என்று சுருக்கி எழுதினால் அது 60 என்று படிக்கப்படும். அதனால்தான் யூனிட் என்பதை முழுதாக எழுது என்கிறோம். அதே பாடத்தை மனதில் வைத்திருந்தவரின் நோயாளியை நான் சாகவிட்டேன்.

எனக்கும் நியாயம் உண்டு. அம்லோடிபின் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதோடு நிற்பதில்லை. அளவு மீறும்போது கணையம் இன்சுலினைச் சுரப்பதையும் தடுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிடக்கும், இதயத் தசைக்கு அது போய்ச் சேராது. அதைக் கொண்டு சேர்க்கத்தான் இவ்வளவு இன்சுலின். குளுக்கோமீட்டரில் 280 என்று நான் காட்டியதே அதற்காகத்தான். "சர்க்கரை 280 இருக்கிறது, டெக்ஸ்ட்ரோஸும் கொடுக்கிறோம், அடிக்கடி பார்த்துக்கொள்வோம், பொட்டாசியத்தையும் கவனிப்போம்" என்று சொல்லியிருந்தால் சிஸ்டரின் கேள்விக்கு அதுவே பதில். தேவைப்பட்டால் மணிக்கு ஒரு கிலோவுக்கு 10 யூனிட் வரை ஏற்ற வேண்டிய சிகிச்சை இது. அப்படி ஏற்றினால் 400 யூனிட் குப்பி ஒரு மணி நேரத்துக்குக்கூடப் போதாது. முதல் 60-லேயே தயங்குபவர் அதை எப்படிச் செய்வார்? அந்தத் தயக்கம் இங்கேயே தீரட்டும் என்று நினைத்தேன்.

ஆனாலும் இந்த நியாயம் முழுதாக நிற்கவில்லை. முழு டோஸ் கொடுத்தாலும் இன்சுலின் வேலை செய்யக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது, கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கவும் இடமிருந்தது. உண்மையான நோயாளியாக இருந்திருந்தால் அந்தச் சில நிமிடங்களில் இறந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மரணம் மருந்தால் வந்ததா, என் விரலால் வந்ததா? மேனிகின் சாகலாமா என்று எங்கள் துறையில் வாதம் ஓயவே இல்லை. சாவைப் பார்த்தால் பாடம் பதியும் என்பார்கள் சிலர். பதியும், எது பதியும் என்பதுதான் என் கவலை. "நர்ஸ் பேச்சைக் கேட்டேன், நோயாளி போய்விட்டார்" என்று பதிந்திருந்தால்? நாளை அவர் உண்மையாகவே 6-ஐ 60 என்று சொல்லும்போது, தடுக்கும் குரலைத் தாண்டிப் போய்விட்டால்?

கேள்வியை எடுத்துவிடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "எடுத்தாலும் நான் கேட்பேன் சார்" என்றார். கேட்கத்தான் வேண்டும், அடுத்த குழுவுக்கான காட்சியில் அந்த வரி அப்படியே இருக்கிறது. 10 யூனிட் என்று யாராவது சொன்னால் பிரஷர் என்ன ஆகும் என்ற கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.