அவனுக்கு வைத்த கோணம்

"அவனுக்கு எங்கே கேமரா வைத்தீர்களோ, அங்கேயே இவளுக்கும் வையுங்கள்."

ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு ஷாட்டையும் எடுப்பதற்கு முன்பே வரைந்துவைக்கும் படத்தொகுப்பு) பார்க்கும் கூட்டத்தில் வந்த இந்த யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாயகனின் அறிமுக ஷாட்: முழங்கால் உயரம், 24 மி.மீ. அகல லென்ஸ், அண்ணாந்து பார்க்கும் கோணம், ஒரு வினாடிக்குள் முகம். நாயகியின் அறிமுகம்: நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. லென்ஸ், முதுகுப்புறம், காலில் தொடங்கி மெதுவாக மேலே ஏறும் கேமரா. முகம் தெரிய 60 பிரேம் ஆகிறது, அதாவது இரண்டரை வினாடி. அவ்வளவு நேரமும் அவள் எதையும் செய்வதில்லை, நின்றுகொண்டிருக்கிறாள். இரண்டையும் சமமாக்கு என்பது நியாயம்தானே?

சமமாக்கியபோது ஷாட் இன்னும் மோசமானது. முழங்கால் உயரத்தில் அகல லென்ஸ் வைத்தால் கேமராவை ஒட்டி இருப்பதெல்லாம் ஊதித் தெரியும். நாயகனுக்கு அந்த உயரத்தில் இருப்பது கனத்த பூட்ஸும் கவசக் கால்சட்டையும். நாயகிக்கு இருப்பது தொடையும் குட்டைப் பாவாடையின் விளிம்பும். அதே கோணம் அவனை மலையாக்குகிறது, இவளைக் கீழிருந்து எட்டிப் பார்க்கிறது.

கடைசியில் முடிவானது இதுதான்: கேமராவைப் பின்னுக்கு இழுத்து, இடுப்புக்கு மேலே ஏற்றி, உருவத்தை ஊதிக் காட்டாத 50 மி.மீ. லென்ஸ் போடுவது. அவளைச் சுற்றி நிற்பவர்களை மண்டியிட வைப்பது. கம்பீரத்தை அவள் உடலில் தேடாமல் மற்றவர்களின் முதுகிலிருந்து கடன் வாங்குகிற வழி. ஷாட் சுத்தமாக வந்தது. அப்போது ஒருவர் சொன்னார்: "அவனைப் பார்த்தால் பயம் வருகிறது. இவளைப் பார்த்தால் மரியாதை வருகிறது."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னமும் அப்படிக் கேட்கவில்லை.

பாவாடையை மாற்றியிருக்கலாமே என்று கேட்பார்கள். ஸ்டோரிபோர்டு மேசைக்குக் காட்சி வரும்போது ஆடை பெரும்பாலும் முடிவாகியிருக்கும். படத்தின் பாத்திரங்களைப் பொம்மையாக்கி விற்பவர்களுக்கு வடிவம் முன்கூட்டியே போக வேண்டும், அச்சு வார்க்கக் காலம் பிடிக்கும். பொம்மை வியாபாரத்தின் கை கதைக்குள்ளும் நீளும். 'அயர்ன் மேன் 3' (2013) படத்தின் முதன்மை வில்லியாக ஒரு பெண்ணைத்தான் எழுதியிருந்ததாகவும், பெண் பொம்மை விற்காது என்ற கணக்கில் அதை மாற்ற வேண்டிவந்ததாகவும் அதன் இயக்குநர் ஷேன் பிளாக் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' (2015) படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதிப்பவள் பிளாக் விடோ என்ற நாயகி. கடைக்கு வந்த பொம்மையில் அந்த வண்டியை ஓட்டியது கேப்டன் அமெரிக்கா.

ஆடை முடிவானால் சண்டையும் பாதி முடிவானது மாதிரி. உடலை மூடிய உடைக்குள் முழங்கால், முழங்கை, இடுப்பு, முதுகு என நான்கு இடத்திலும் பேடிங் (அடி தாங்கும் மெத்தைப் பட்டை) ஒளித்துவைக்கலாம். தோள் தெரிய, தொடை தெரிய உடை இருந்தால் எங்கே ஒளிப்பது? டூப் பெண் வெறும் தோலோடு தரையில் விழ வேண்டும். ஆகவே ஸ்டண்ட் குழு கடினமான விழுகைகளைக் குறைக்கும். எதிராளியின் கழுத்தில் கால்களைப் பின்னிச் சுழற்றி எறிவது, ஒயரில் சுழன்று மெல்ல இறங்குவது என்று நடனத்தின் பக்கம் சாயும். விமர்சகர் அதைப் பார்த்துப் 'பெண்மையின் நளினம்' என்று எழுதுவார். தொடக்கத்தில் அது காயத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு.

விரித்த கூந்தலும் இப்படித்தான். சண்டையில் கூந்தலைக் கட்டாமல் யாராவது இறங்குவார்களா என்று கிண்டல் செய்வது சுலபம். கூந்தல் முகத்தில் விழுந்தால் டூப்பின் முகம் மறையும், வெட்டும் இடம் எடிட்டருக்கு எளிதாகக் கிடைக்கும். விக் வைத்த ஆண் டூப்பைக்கூட ஓட்டிவிடலாம் என்று அந்த வசதி தவறாகவும் பயன்பட்டது. பெண் ஸ்டண்ட் கலைஞர்கள் நெடுநாளாகக் கண்டித்துவரும் பழக்கம் அது. 'பேர்ட்ஸ் ஆஃப் பிரே' (2020) படத்தில் சண்டை நடுவே ஹார்லி குவின் தன் தோழிக்குத் தலைமுடி கட்டும் பேண்டை நீட்டுவாள். இரண்டு வினாடிச் செய்கை. ஆனால் முடியைக் கட்டியபின் முகம் தெரியும், நடிகையே கூடுதலாகப் பயிற்சி எடுத்தாக வேண்டும்.

குதிகாலும் தொல்லைதான். குளோசப்பில் உயரக் குதிகால், சண்டையில் தட்டைக் காலணி என இரண்டு ஜோடி தைப்பார்கள். ஐந்தாறு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் பார்வைக் கோடு, அதாவது நடிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் உயரம், பிசகும்.

ஆக, ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. யாரும் அவளைச் சிறுமைப்படுத்த உட்காரவில்லை. இது எங்கள் தொழிலுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் வாதம். பாதிதான் உண்மை என்பதும் தெரியும். காரணங்கள் எல்லாம் எப்போதும் ஒரே பக்கம் சாய்வது தற்செயலாக இருக்க முடியாது.

சரி, ஆடைதான் வேர் என்று முடித்துவிடலாமா? அதற்கும் வழியில்லை. 'வொண்டர் வுமன்' (2017) படத்தில் பதுங்குகுழியிலிருந்து அவள் ஏறி வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே குட்டைப் பாவாடை, விரித்த கூந்தல், ஏணியில் ஏறும் காலின் குளோசப். துண்டு துண்டாக உடலைக் காட்டும் பழைய இலக்கணம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு வினை நடக்கிறது: கால் ஏறுகிறது, கை கேடயத்தைப் பிடிக்கிறது, கேடயம் குண்டுகளை வாங்குகிறது. அங்கே அவள் யாரோடு சண்டை போடுகிறாள் என்று உடன் வேலை செய்தவர்களுக்கே பிடிபடவில்லை என்றும், போர்டு வரைந்து காட்டிப் புரியவைக்க வேண்டியிருந்தது என்றும் இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸ் சொல்லியிருக்கிறார். பின்னர் எடுத்த சில காட்சிகளின்போது நாயகியாக நடித்த கேல் கேடோட் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆடையின் வயிற்றுப் பகுதியை வெட்டிப் பச்சைத் துணி வைத்து, வயிற்றை கம்ப்யூட்டரில் தட்டையாக்கினார்கள். அந்த உடையில் உடல் மாறுவதற்கு இடமில்லை.

மறுபக்கம் 'கேப்டன் மார்வெல்' (2019). கழுத்திலிருந்து கால்வரை மூடிய உடை, எந்தக் கோணத்தில் வைத்தாலும் கேமராவுக்கு வில்லங்கம் இல்லை. முதல் முன்னோட்டம் வந்ததும் அவள் ஏன் சிரிக்கவில்லை என்று ஆரம்பித்தார்கள். ஒருவர் போஸ்டரில் சிரிப்பை ஒட்டியே வெளியிட்டார். பதிலுக்கு, நாயகியாக நடித்த பிரீ லார்சன் சிரிப்பு ஒட்டிய ஆண் நாயகர்களின் போஸ்டர்களைப் பகிர்ந்தார். உடையில் பிடி கிடைக்காதபோது பார்வை முகத்துக்கு ஏறிக்கொண்டது.

அதனால்தான் 'பயம், மரியாதை' என்ற அந்தப் பேச்சு நெருடுகிறது. பயமுறுத்தும் பெண்ணுக்கு இந்தப் படங்களில் இடமில்லை என்று சொல்ல முடியாது. 'தோர்: ரக்னராக்' (2017) படத்தின் ஹெலா உடலை மூடிய உடையில் கொம்புக் கிரீடத்தோடு வருவாள், தோரின் சுத்தியலை ஒற்றைக் கையில் பிடித்து நொறுக்குவாள். கேமரா அவளைப் பார்த்து அஞ்சுகிறது. ஏனென்றால் அவள் வில்லி. அதே அச்சத்தை நாயகிக்குக் கேட்டால், படம் யார் பக்கம் என்பது குழம்பிவிடும் என்பார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நல்லவளைக் கண்டு பார்ப்பவர் மிரள வேண்டும் என்று நானே முழுமனதாகக் கேட்பேனா என்று தெரியவில்லை. ஆனால் இதே கேள்வி பேட்மேனின் போர்டு மேசைக்கு வந்தபோது யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. மிரட்டுவதையே அவன் வேலையாக எழுதிவிட்டார்கள்.