இரவு ஷிப்டுக்கு ஒரு வரி ஜெபம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், மாலையில் பெருநிலத்துப் பிறை ஊரிலிருந்து தீவுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறும்போது பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். சிலர் தூங்குவார்கள், சிலர் ஜெபிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் வந்த நாள் தொட்டு நம்மவர்கள் இரவு வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் சபையில் இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதிகாலை அரைமணி நேர ஜெபத்தை. இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை நின்று வேலை பார்ப்பவருக்கு அது ஒத்துவராது. செய்ய முடியவில்லையே என்ற குற்ற உணர்வுதான் மிஞ்சும். அதனால் இரவு ஷிப்டுக்காரர்களுக்கான ஊழியத்தில் முதலில் மாற்ற வேண்டியது ஜெபத்தின் நீளம்.

சிப் தயாரிக்கும் தூசியில்லா அறையான கிளீன் ரூமுக்குள் வேதாகமம் போகாது. சாதாரணக் காகிதம் நுண்ணிய நாரை உதிர்க்கும், அது வேஃபரில், அதாவது சிப்புகள் உருவாகும் மெல்லிய தகட்டில், விழுந்தால் சிப் கெட்டுப்போகும். கைபேசியும் பெரும்பாலும் லாக்கரோடு நின்றுவிடும். ஆகவே மனப்பாடமாக இருப்பது மட்டும்தான் உள்ளே வரும். உடை மாற்றும் அறையில் தலைமூடி, முகமூடி, முழு உடுப்பு, பூட்ஸ் எல்லாம் போட்ட பிறகு கடைசியாகக் கையுறை. அதன் விளிம்பைச் சட்டைக் கையின் மேல் இழுத்துவிடும் அந்த இரண்டு நொடிதான் ஜெபத்துக்கு வாய்த்த இடம். ஒரே வரி போதும்: "என் கண்களைத் தெளிவாக்கும்." 13-ஆம் சங்கீதம், 3-ஆம் வசனம். இரவெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விண்ணப்பம் இல்லை. தினமும் அதே அசைவு, அதே வரி. கொஞ்ச நாளில் கை கையுறையைத் தொட்டதுமே வசனம் நாவுக்கு வந்துவிடும்.

அந்தச் சங்கீதத்தை முழுவதுமாகவே கற்றுக்கொடுக்கலாம். மொத்தம் 6 வசனங்கள். முதல் இரண்டும் முறையீடு, அடுத்த இரண்டும் விண்ணப்பம், கடைசி இரண்டும் நம்பிக்கை. "எதுவரைக்கும்" என்ற கேள்வி தொடக்கத்திலேயே நான்கு முறை வருகிறது. நாமோ அந்த நான்கையும் தாண்டி, "அவரைப் பாடுவேன்" என்ற கடைசி வசனத்துக்கு ஓடிவிடுகிறோம். முறையிட்டால் விசுவாசம் குறைவு என்று யாரோ நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிற தேவனிடம் கடன், வீட்டுச் சண்டை, சூப்பர்வைசர் பேசிய வார்த்தை எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்லலாம்.

ஷிப்டுக்கு முன் கூடுவதற்கு மூன்று பேர் போதும். ஒருவர் லீவில் போனாலும் இரண்டு பேர் இருப்பார்கள். கார் நிறுத்துமிடத்தின் ஓரம், தாழ்ந்த குரல், ஏழு நிமிடம். ஒருவர் சங்கீதத்தை வாசிக்க, ஒரு நிமிடம் மௌனம். பிறகு ஆளுக்கு மூன்று வாக்கியம்: என்ன வலிக்கிறது, என்ன வேண்டும், எதை இன்னும் நம்புகிறேன். மேலதிகாரியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. வராதவரை வற்புறுத்தக் கூடாது.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஜெபக்குறிப்பில்தான். "இந்த அக்காவுக்காக ஜெபியுங்கள், அவர் வீட்டுக்காரர் குடிக்கிறார்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், விடிவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த அக்கா மறுபடி வாய் திறக்கமாட்டார். பெயர் வேண்டாம், எழுத்தில் வேண்டாம். "ஒரு வீட்டில் சமாதானம் வேண்டும்" என்றால் தேவனுக்குப் புரியும். இன்னொன்று உபவாசம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் சாப்பிடாமல் இரவு ஷிப்டில் நின்றால் சர்க்கரை இறங்கி, இயந்திரத்தின் பக்கத்திலேயே மயங்கி விழக்கூடும். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட எலியாவைத் தூதன் தட்டியெழுப்பி முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். அவன் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் கண்டிக்கவில்லை.

ஆட்குறைப்புக் கடிதம் வந்தவரிடம் "மூன்று மாதத்தில் கர்த்தர் வேலை தருவார்" என்று யாரும் சொல்லக் கூடாது. கர்த்தர் கொடுக்காத வாக்கை அவர் நிறைவேற்றவேண்டும் என்று ஆகிவிடும். கடிதம் வந்தவரோடு ஜெபித்துவிட்டு, அதே மேசையில் கடிதத்தைத் திறந்து வேலை முடியும் தேதியை வட்டமிடுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதிக்கு 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாகப் புகார் செய்வதென்றாலும் தொழில் உறவு இலாகாவுக்கு அதே 60 நாள்தான். இரண்டு மாதத்தையும் உபவாசக் கூட்டங்களிலேயே கழித்துவிட்டுத் தேதி தவறியபின் வருகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. "வாழவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் தனியாக விட்டுவிடாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே இருங்கள், பக்கத்தில் உட்கார்ந்தபடியே மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸுக்கோ அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999-க்கோ கூப்பிடுங்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு மேல் உடல் சோர்ந்து, சின்னக் கவலையும் மலையாகத் தெரியும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், நீண்ட ஜெபமும் வேண்டாம். 130-ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் வருகிறார். அவரும் இரவு ஷிப்டுக்காரர்தான். "என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது" என்ற அந்த வரியை மூச்சோடு மூச்சாகச் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தால் போதும்.

காலையில் திரும்பும் பஸ்ஸில் ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள். எல்லோரும் தூங்கட்டும். மூவரில் ஒருவர் மட்டும் விழித்திருந்து, பாலம் இறங்கியதும் மற்ற இருவரையும் தட்டியெழுப்பட்டும்.