மாந்தை கிழக்கா, மாந்தை மேற்கா?

விவசாயிகளைப் பதிவதற்காக நான் எழுதிக்கொடுத்த இணையப் படிவமொன்றில், மாவட்டம் முல்லைத்தீவு என்றும் பிரதேச செயலர் பிரிவு மாந்தை மேற்கு என்றும் ஒரு பதிவு கிடந்தது. மாந்தை மேற்கு மன்னாருக்குரியது. பாண்டியன்குளத்தைச் சேர்ந்த அந்த ஐயாவுக்கு உரியது மாந்தை கிழக்கு. பதிந்த தங்கச்சி, முதலில் தவறுதலாக மன்னாரைத் தொட்டுவிட்டு உடனேயே முல்லைத்தீவுக்கு மாற்றியதாகச் சொன்னார்.

பிழை என்னுடையதுதான். உலாவியில் இணைய வேகத்தைக் குறைத்து அதையே செய்து பார்த்தேன். மாவட்டத்தைத் தெரிந்ததும் அதன் பிரதேச செயலர் பிரிவுகளின் பட்டியல் சேவையகத்திலிருந்து வரும். முல்லைத்தீவின் பட்டியல் முதலில் வந்து நிரம்பியது. பிந்திவந்த மன்னாரின் பட்டியல் அதை அழித்துவிட்டுத் தான் அமர்ந்துகொண்டது. துணுக்காய்ப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இது நடக்காதிருந்தால்தான் புதுமை. இப்போது மாவட்டம் மாறியவுடன் பழைய கோரிக்கையை, அனுப்பியதை இடையில் கைவிட உலாவி தரும் வசதியான அபோர்ட் கண்ட்ரோலர் (AbortController) மூலம் நிறுத்துகிறேன். அத்துடன், வந்த பட்டியலின் மாவட்டக் குறியீடு அக்கணத்தில் திரையிலுள்ள தெரிவோடு பொருந்தினால் மட்டுமே அதை ஏற்கிறேன். மேலேயுள்ள மாவட்டம் மாறினால், பிரதேச செயலர் பிரிவு மட்டுமன்றி அதற்குக் கீழுள்ள கிராம அலுவலர் பிரிவும் வெறுமையாக வேண்டும். புதிய பட்டியல் வரும்வரை அவற்றை முடக்கி வைக்கலாம். ஆனால் முடக்கிய பெட்டியின் பெறுமதி படிவத்தோடு அனுப்பப்படுவதில்லை என்பதை மறக்கக்கூடாது.

உண்மையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பிரதேச செயலர் பிரிவுகள் 19 மட்டுமே என்பதால், அவற்றுக்காகச் சேவையகத்தை ஒவ்வொரு முறையும் கேட்கவே தேவையில்லை. அவற்றைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிட்டேன். எண்ணிக்கை கூடிய கிராம அலுவலர் பிரிவுகள் மட்டும் பின்னர் வருகின்றன.

பழைய பதிவைத் திருத்தத் திறக்கும்போது பட்டியல் நிரம்பிய பின்னரே தெரிவைப் பொருத்த வேண்டும். முந்தினால் பெட்டி வெறுமையாகி, சேமிக்கையில் இருந்த தரவும் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் திரையை நம்பிவிட முடியாது. எனவே தரவுத்தளத்தில் கிராம அலுவலர் பிரிவின் குறியீட்டை மட்டும் வைத்து, மற்ற இரண்டையும் அதிலிருந்தே பெறுமாறு மாற்றினேன். தேர்தல் மாவட்டத்துக்கு மட்டும் தனி அட்டவணை வேண்டியிருந்தது; வன்னித் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சி இல்லை, அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்கிறது.

பழைய பதிவுகளில் பொருந்தாதவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கேட்டுத் திருத்தி வருகிறோம். முதல் அழைப்பு பாண்டியன்குளத்து ஐயாவுக்குத்தான் போனது.