தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

இன்று காலை காட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மேலே யாரோ கூப்பாடு போட்டுச் சண்டை பிடிப்பது போல ஒரு சத்தம்.

சண்டை இல்லையாம், பாட்டு. ஹூலக் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு ஜோடி சேர்ந்து பாடுகிறது என்றார் கூட வந்த வனக்காவலர்.

அசாமில் ஜோர்ஹாட் பக்கம், ஹொல்லோங்காபார் சரணாலயம். அட்டைக்கடி தனிக்கதை, அதை விடுங்கள்.

ஆண் கறுப்பு, வெள்ளைப் புருவம். பெண் செம்பழுப்பு. பிறக்கும்போது எல்லாமே வெளிறித்தான் இருக்குமாம், அப்புறம் கறுத்து, பெண் மட்டும் வளர்ந்தபின் மறுபடி நிறம் மாறும்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது அந்தக் கையைத்தான். கிளையை அது இறுக்கிப் பிடிப்பதே இல்லை, நீளமான நாலு விரலைக் கொக்கி மாதிரி மாட்டுகிறது, உடம்பு ஊசலாடுகிறது, அடுத்த கை அடுத்த கிளையில், அவ்வளவுதான், நான் கேமராவைத் தூக்குவதற்குள் ஆளைக் காணோம்.

தரைக்கு அநேகமாக வராது. கிளையோடு கிளை தொட்டால்தான் அதற்குப் பாதை.

காடே மொத்தம் 21 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். இருக்கிற காட்டையும் 1887லேயே போட்ட ரயில் பாதை இரண்டாக வெட்டிவிட்டது.

திரும்பும்போது அந்தத் தண்டவாளத்தைத் தாண்டினேன். எண்ணிப் பார்த்தேன், ஏழே காலடி.

நிமிர்ந்தால் இரண்டு பக்க மரங்களுக்கும் நடுவில் வெறும் வானம்.