பூட்டிய வீட்டுக் கேமராவுக்கு அட்மின் யார்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றில் இப்போது கேமரா இருக்கிறது. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, வாட்ச்மேன் வந்தாரா, உள் முற்றமான வளவில் மழைத் தண்ணீர் தேங்கியதா என்று போனில் பார்த்துக்கொள்கிறார். நல்ல வசதிதான். அதே படம் வேறு எத்தனை போனில் ஓடுகிறது என்று கேட்டால்தான் பலரும் முழிக்கிறார்கள்.

ஹேக்கரைப் பற்றிய பயம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது கேமரா மாட்டியவரின் போனை. வேலை முடிக்கும் அவசரத்தில் தன் மெயிலிலேயே கேமராவைப் பதிந்துவிட்டு, வீட்டுக்காரருக்கு 'ஷேர்' மட்டும் கொடுத்துவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ரிப்பேர் என்று கூப்பிட்டால் கடையில் இருந்தபடியே பார்த்துச் சொல்ல அவருக்கு வசதி. ஆனால் அந்தக் கடையில் வேலை பார்த்து நின்றுபோன பையனின் போனிலும் உங்கள் வளவு தெரிந்துகொண்டிருக்கலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். ஆப்பில் கேமரா பெயருக்குப் பக்கத்தில் 'ஷேர்டு' என்று இருந்தாலோ, செட்டிங்கில் ஃபர்ம்வேர் அப்டேட், பிறருக்குப் பகிர்வது போன்றவை காட்டாவிட்டாலோ, அந்தக் கேமராவுக்கு நீங்கள் விருந்தாளிதான். மாட்டியவரை நேரில் வரச் சொல்லி, அவர் கணக்கிலிருந்து அதை டிலீட் செய்ய வையுங்கள். பிறகு ரீசெட் பட்டனைச் சுமார் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, உங்கள் மெயிலில் புதிதாகச் சேருங்கள். வரிசை மாறக் கூடாது. பழைய கணக்கில் பெயர் இருக்கும்வரை ரீசெட் செய்தாலும் 'ஏற்கெனவே வேறு கணக்கில் உள்ளது' என்று பல பிராண்டுகள் மறுத்துவிடும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் இதற்கு மருந்தல்ல. கேமராவைப் புது வைஃபையில் இணைத்த உடனே பழைய கணக்கிலும் படம் வந்துவிடும்.

கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் வைத்திருந்தால், மானிட்டரில் யூசர் பட்டியலைத் திறந்து பாருங்கள். அட்மின் தவிர நீங்கள் உருவாக்காத பெயர் எது இருந்தாலும் நீக்கலாம். அட்மின் பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். எல்லோரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு: பாஸ்வேர்டை மறந்தால் மீட்பதற்கான மெயில். மாட்டியவரின் மெயில் அங்கே இருந்தால் ரீசெட் கோடு அவருக்குத்தான் போகும்.

வீடு நாலைந்து புள்ளிக்கு, அதாவது பங்குள்ள குடும்பங்களுக்கு, பொதுவாக இருந்தால் சிக்கல் கூடும். ஒரே பாஸ்வேர்டை பங்காளிகள் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அது யார் யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் கணக்கில்லை. அட்மின் ஒருவரிடம் இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு யூசர், 'லைவ் வியூ' அனுமதி மட்டும். யார் அட்மின் என்று பேசி முடிப்பது வெள்ளையடிக்கும் செலவைப் பங்கு பிரிப்பதைவிடக் கஷ்டம் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

இனி வெளியிலிருந்து வருகிறவர்கள். 2016இல் மிராய் என்ற நிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பெனி போட்டு அனுப்பும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது, அவ்வளவுதான். கரண்டை அணைத்துப் போட்டால் நினைவகத்திலிருந்து அது போய்விடும்; பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். இதற்கு ரவுட்டரில் இரண்டு வேலை: யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வெளிவழி திறந்துகொள்ளும் வசதி) என்பதை அணையுங்கள், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வர நாம் திறந்துவைக்கும் வழிகள்) பட்டியலில் 80, 554, 8000, 37777 போன்ற எண்கள் இருந்தால் நீக்குங்கள். ஆப் வழியாகப் பார்ப்பவர்களுக்கு இவை தேவையே இல்லை. சரியானதா என்று பார்க்க, வீட்டு வைஃபையில் உங்கள் பப்ளிக் ஐபி எண்ணை (வெளி உலகத்துக்குத் தெரியும் இணைப்பு எண்ணை) குறித்துக்கொண்டு, போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அந்த எண்ணை பிரவுசரில் அடியுங்கள். டிவிஆரின் லாகின் பக்கம் வந்தால், கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

நம் வீட்டுச் சுவர்களின் தடிமனுக்கு முகப்பு வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டாது. அதனால் ரிப்பீட்டர் மாட்டுகிறார்கள். அதற்கும் தனியாக ஒரு அட்மின் பாஸ்வேர்டு உண்டு, அதையும் மாற்ற வேண்டும். கேமராக்களை ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் வைத்தால் வீட்டு லேப்டாப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருக்காது. ஆனால் வைஃபை கேமராவை என்விஆரில் (நெட்வொர்க் வழியாகப் படத்தை வாங்கிப் பதியும் பெட்டியில்) பதிவு செய்கிறவர்கள் கெஸ்ட்டுக்கு மாற்றினால் பதிவு நின்றுபோகும். என்விஆரால் அந்தக் கேமராவை அணுக முடியாது.

எங்கே மாட்டுவது? முகப்பு வாசல், பின் தெருவில் திறக்கும் கடைசிக் கட்டு வாசல், இரண்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கு ஆள் வரும் வழி அந்த இரண்டும்தான். வளவிலும் சமையற்கட்டிலும் கட்டாயம் வேண்டும் என்றால், முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஆட்கள் வந்து தங்கும் நாளில் அணைக்க வழி வையுங்கள். ஆப்பில் 'ஸ்லீப்' போடுவதை நம்ப வேண்டாம், அட்மின் வைத்திருப்பவர் எங்கிருந்தும் எழுப்பிவிடலாம். வைஃபை கேமராவின் அடாப்டருக்குத் தனி ஸ்விட்ச் போடுங்கள். டிவிஆர் கேமராக்களுக்கு ஒரே 12 வோல்ட் பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து கரண்ட் போகும்; மெயினை அணைத்தால் வாசல் கேமராவும் சேர்ந்து நின்றுவிடும். உள் கேமராவின் ஒயரில் மட்டும் லேபிள் ஒட்டி, அந்த டிசி பின்னை உருவிவிட்டால் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டு மாடி தெரிந்தால் 'பிரைவசி மாஸ்க்' போட்டு அந்தப் பகுதியைக் கறுப்பாக்குங்கள்.

மைக்கையும் மறக்க வேண்டாம். ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து நகை விவரம், பேங்க் விவரம் பேசுவதெல்லாம் பதிவாகும். ஆடியோ தேவையில்லை என்றால் செட்டிங்கில் அணைத்துவிடலாம்.

லேப்டாப் கதை சின்னதுதான். பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால் பேசாத நேரத்தில் லென்ஸை மூடி வைப்பது. மேக்புக் என்றால் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மூடியோடு மடக்கினால் திரை பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. ஒரு துண்டுத் தாளும் மெல்லிய டேப்பும் போதும். கேமரா விளக்கை மட்டும் நம்ப முடியாது. பழைய மேக்புக்குகளில் விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கேமரா என்று போனால் எந்த ஆப் எப்போது கேமராவைத் தொட்டது என்று தெரியும். சர்வீஸ் செய்தவர் ரிமோட் ஆப் போட்டு நிரந்தர பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருந்தால், முதலில் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

யாராவது திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்தால் உடனே ரீசெட் அடிக்கக் கூடாது, லாகின் பதிவு அழிந்துவிடும். முதலில் நெட்டைப் பிடுங்கி, யூசர் பட்டியலையும் லாகின் பதிவையும் போட்டோ எடுத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆணோ பெண்ணோ, யாருடைய அந்தரங்க உறுப்புகளையும் சம்மதமில்லாமல் படமெடுத்தால் ஐடி சட்டம் 66இ பிரிவும் சேரும்.

பழைய டிவிஆரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்முன் மூடியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நாலு ஸ்க்ரூதான். வைஃபை கேமராவாக இருந்தால் மெமரி கார்டு.