மேற்பரப்பு வேதியியல்: ஒரே ஒரு எத்திலீனைப் பிடித்துக்கொண்டு படித்தது

எம்.எஸ்சி. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார்: "எத்திலீன் பிளாட்டினத்து மேல எப்படிப்பா உட்காரும்?" பிசிசார்ப்ஷன் (மூலக்கூறு பரப்பில் லேசாக ஒட்டுவது), கெமிசார்ப்ஷன் (வேதிப் பிணைப்போடு ஒட்டுவது) இரண்டையும் ஒப்பிடும் அட்டவணை எனக்கு அப்படியே மனப்பாடம். 40 கிலோஜூல், ஒற்றை அடுக்கு, பல அடுக்கு என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் சரி, படம் போடு" என்றார். சாக்பீஸோடு நின்றேன். அட்டவணையில் எத்திலீனே இல்லை.

அப்புறம் நெட் தேர்வுக்குப் படிக்கும்போது அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த எத்திலீனை மட்டும் எடுத்துக்கொண்டேன். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

எத்திலீனின் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் நிரம்பிய பை ஆர்பிட்டால் உலோகத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கிறது. உலோகத்தின் டி எலக்ட்ரான் எத்திலீனின் பை ஸ்டாருக்கு (பிணைப்பைத் தளர்த்தும் காலி ஆர்பிட்டால்) திரும்ப வருகிறது. இனார்கானிக்கில் ஸைஸே உப்புக்கு (பிளாட்டினத்தோடு எத்திலீன் இணைந்த சேர்மம்) படித்த டுவார்-சாட்-டங்கன்சன் மாடலேதான். பாடம் மாறியதால் அடையாளம் தெரியாமல் இருந்தேன். கொடுத்தாலும் வாங்கினாலும் கார்பன்-கார்பன் பிணைப்பு தளரத்தான் செய்யும்.

எவ்வளவு தளர்கிறது என்பதைப் பிணைப்பு நீளம் காட்டிவிடும். நோட்டில் எழுதிப் பாருங்கள். வாயு எத்திலீன் 1.34 ஆங்ஸ்ட்ராம், ஈத்தேன் 1.54. ஸைஸே உப்பில் சுமார் 1.37, அதாவது கொஞ்சம்தான் நீண்டிருக்கிறது. பிளாட்டினப் படிகத்தின் (111) என்ற பரப்பில், 100 கெல்வின் வாக்கில், 1.5-ஐ நெருங்கிவிடுகிறது. இரட்டைப் பிணைப்பு கிட்டத்தட்ட ஒற்றையாகிவிட்டது. ஒவ்வொரு கார்பனும் ஒரு பிளாட்டினத்தைப் பிடித்திருக்கிறது. டை-சிக்மா என்பது இதைத்தான். அறை வெப்பநிலைக்கு வந்தால் ஒரு ஹைட்ரஜனை இழந்து எத்திலிடைன் ஆகிறது: ஒரு கார்பன் மூன்று பிளாட்டினங்களுக்கு நடுவே ஊன்றி நிற்க, மீதைல் மேலே நிமிர்ந்திருக்கும். முதன்முதலில் இதை வரைந்து முடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளியில் டி பட்டை (டி எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் நிலைகள்) நிரம்பி ஆழத்தில் கிடக்கிறது. திரும்ப வரும் எலக்ட்ரான் குறைவு. எத்திலீன் லேசாகத்தான் ஒட்டும். உலோகத்துக்கு உலோகம் கெமிசார்ப்ஷன் ஏன் மாறுகிறது என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

அடுத்ததாகத் தங்கத்தின் மேல் ஆல்கேன்தயோலை (ஒரு முனையில் கந்தகமும் ஹைட்ரஜனும் உள்ள கார்பன் சங்கிலி) வரையுங்கள். கந்தகம் தங்கத்தோடு பிணையும், தயோலின் ஹைட்ரஜன் விலகிவிடும். சங்கிலியைச் செங்குத்தாகப் போட்டுவிடாதீர்கள். கந்தகங்களுக்கு நடுவே சுமார் 5 ஆங்ஸ்ட்ராம் இருக்கிறது. நேராக நின்றால் சங்கிலிகள் ஒன்றையொன்று சரியாகத் தொடாது. வாண்டர்வால்ஸ் கவர்ச்சிக்காக நெருங்கி, சுமார் 30 டிகிரி சாய்ந்து நிற்கும்.