ஓட்டு இல்லாதவன் பார்த்த ஓட்டு வேலை

கனடாவுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த தொழில் டேட்டாபேஸ் ஒன்றுதான். போன நேர்காணல்களில் எல்லாம் 'கனடிய அனுபவம் உண்டா' என்றார்கள். நேற்று வந்து இறங்கியவனுக்கு அது எங்கிருந்து வரும்? அப்படிக் கட்டாயப்படுத்துவது பாகுபாடு என்று ஒன்டாரியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013-லேயே கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதனால் விளம்பரத்தில் போடாமல் வாயால் கேட்பார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு சின்ன ஆன்லைன் செய்தி நிறுவனம் சேர்த்துக்கொண்டது. எந்தத் தலைப்பை எத்தனை பேர் தட்டுகிறார்கள், வீடியோவை எந்த நொடியில் மூடிவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை. நான் இந்த வேலை பார்ப்பது தெரிந்த ஒருவர் 2019 தேர்தலுக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு வேட்பாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அப்போது நான் வெறும் பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவன், ஓட்டு கிடையாது. ஆனால் குடியுரிமை இல்லாதவரும் பிரசாரத்தில் வேலை செய்யலாம், பிஆர் இருந்தால் நன்கொடைகூடக் கொடுக்கலாம்.

அங்கே போன பிறகுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் புரிந்தது. தேர்தல் ஆணையம் தரும் வாக்காளர் பட்டியலில் பெயரும் முகவரியும் இருக்கும், போன் நம்பரோ ஈமெயிலோ இருக்காது. ஆன்லைனில் கட்சிகள் நடத்தும் கையெழுத்து மனு, கருத்துக்கணிப்பு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு கட்டங்களை நிரப்பத்தான். மனம் மாற்றுகிறோம் என்று வெளியே பேசிக்கொள்வோம். உள்ளே நடப்பது, நம் பக்கம் இருப்பவர் யார் என்று கண்டுபிடித்து ஆதரவு, சாய்வு, எதிர்ப்பு என்று குறித்துவைத்து, தேர்தலன்று அவரை வீட்டைவிட்டுக் கிளப்புவது. பாதிக்கு மேல் டேட்டாபேஸ் வேலைதான், சுற்றிச் சுற்றி பழைய தொழிலுக்கே வந்து நின்றேன்.

விதிகள் கறார். ஒவ்வொரு விளம்பரத்திலும் வேட்பாளரின் வரவுசெலவைப் பார்க்கும் அதிகாரபூர்வ முகவர் அனுமதித்தது என்று ஒரு வரி இருக்க வேண்டும். தமிழில் அந்த வரி நீண்டுகொண்டே போகும், போன் திரைக்கான சதுரப் படத்தில் அடங்காது. டிசைன் செய்யும் பையன் எழுத்தைச் சிறிதாக்குவான். எங்கள் முகவர், ஓய்வுபெற்ற கணக்காளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனை மூக்கருகில் பிடித்து, "தம்பி, இது எறும்புக்கா?" என்பார். மறுபடி முதலில் இருந்து. அந்த ஆண்டு புதிய சட்டம் தளங்களை அரசியல் விளம்பரப் பதிவேடு வைக்கச் சொன்னதும், கூகுள் அந்த விளம்பரங்களே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. எங்களுக்கு மிஞ்சியது பேஸ்புக்தான்.

தமிழர்களிடம் அதுவும் ஓரளவுக்குத்தான் எடுபடும். எங்கள் தொகுதியில் பெரியவர்களை எட்டியது வாட்ஸ்அப். ஓட்டுப் போட பாஸ்போர்ட் மட்டும் போதாது, அதில் முகவரி அச்சிட்டிருக்காது, லைசென்ஸ் இருந்தால் அது ஒன்றே போதும் என்று ஓர் அக்கா தமிழில் பேசி அனுப்பிய குரல்பதிவு, காசு கொடுத்துப் போட்ட எங்கள் விளம்பரத்தைவிட வேகமாகச் சுற்றி என் போனுக்கே நாலு பக்கமிருந்து வந்தது.

2023 ஆகஸ்டில் பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா கனடாவில் செய்திகளைத் தடுத்தது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தரச் சொல்லும் சட்டத்துக்கு அதன் பதில் அது. அப்புறம் வந்த 2025 தேர்தலில் பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு பத்திரிகைச் செய்தியின் லிங்க்கைப் பகிர முடியவில்லை. வேட்பாளரே கேமராவைப் பார்த்துப் பேசிய துண்டு வீடியோக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பிரசாரம் செய்கிறவனுக்கு இது சௌகரியம், கேள்வி கேட்க நடுவில் ஆள் இல்லை. வாக்காளருக்கு நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த முறை எனக்குக் குடியுரிமை வந்திருந்தது. ஏப்ரல் 28 காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டேன். மதியம் ஒரு பெண் கூப்பிட்டு, "அங்கிள், போட்டாச்சா?" என்றாள். போட்டாச்சும்மா, பட்டியலில் என் பெயரை அடித்துவிடு, இல்லாவிட்டால் சாயங்காலம் வேறொருவர் மறுபடி கூப்பிடுவார் என்றேன்.